இடது கைப் பெருவிரல்

வெள்ளைத் தாளில் என் மகளின் இடது கைப் பெருவிரல் ஒரு கறுப்புப் பொட்டாக விழுந்தது. ரேகை இல்லை. வடலூர் பேருந்து நிலையத்துக்கு அருகே நெட் சென்டர் வைத்திருக்கும் பாய், மை அதிகமாகிவிட்டது என்றார். விரலைத் துடைத்துவிட்டு ஸ்டாம்ப் பேடில் லேசாக மட்டும் ஒற்றி மறுபடி வைத்தாள். இந்த முறை பொட்டு வெளிறி விழுந்தது. கோடுகள் அப்போதும் இல்லை. ஐந்தாவது முறைக்குப் பிறகு பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா கொட்ட உடைக்குதாம்மா?”

“இல்லைங்க பாய். நான்தான் உடைக்கிறேன். அவ தொடவே மாட்டா.”

உறுதியாகத்தான் சொன்னேன். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நர்சிங் படிப்புக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். புகைப்படம், கையெழுத்து, இடது கைப் பெருவிரல் ரேகை, இந்த மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மற்ற இரண்டும் ஏறிவிட்டன. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

“இதப் போட்டா ரிஜெக்ட் ஆயிடும். ஹால் டிக்கெட்டே வராது,” என்றார் பாய். “தேர்வு எழுதப் போற எடத்துலயும் வாசல்ல மெஷின் வச்சிருக்கான். இதுவரைக்கும் பூர்த்தி பண்ணத சேவ் பண்ணி வைக்கிறேன். வெரல் சரியாகட்டும், வாங்க.”

கொட்டை என்று பாய் சொன்னது முந்திரிக்கொட்டையை. பண்ருட்டி, காடாம்புலியூர்ப் பக்கத்து ஆலைகளில் வறுத்த கொட்டையை மூட்டை மூட்டையாக வீடுகளுக்குக் கொண்டுவந்து போடுவார்கள். வடக்குத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த மூட்டை இருக்கும். கொட்டையைக் கல்லின் மேல் இடது கையால் நிறுத்திப் பிடித்து, வலது கையில் உள்ள கட்டையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஓடு பிளக்க வேண்டும்; உள்ளே இருக்கும் பருப்பு உடையக் கூடாது. ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. வறுத்த பிறகும் அது மிச்சமிருக்கும். பட்ட இடம் கறுக்கும், எரியும், பிறகு தோல் உரியும். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவோம். சாம்பல் கொஞ்ச நேரம் தாங்கும்.

நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள். பன்னிரண்டு வருடமாகக் கொட்டை உடைக்கிறேன். என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது எடுக்கும்வரை வீட்டில் இருப்பார். அது பத்து நாளாகவும் இருக்கும், இரண்டு மாதமாகவும் இருக்கும். அதனால் நான் காலையும் மாலையும் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் சமைக்கப் போவேன், நடுவில் வீட்டில் கொட்டை உடைப்பேன். என் பொழுது எப்படிப் போகிறது என்பதில் எனக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. ஒரு தட்டில் முழுப்பருப்பாக எடுப்பதில் எங்கள் தெருவில் என் கைக்குத்தான் பேர்.

சில வருடங்களுக்கு முன் ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்க மறுத்தது. பெருவிரலில் தொடங்கிப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கும் கருவி அப்போது எங்கள் கடைக்கு வந்திருக்கவில்லை. பின்னால் நின்ற வரிசை பொறுமை இழந்தது. “கால் விரல் பாக்கி இருக்குதே, அதையும் வச்சிப் பாரு,” என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த நாள் என் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். அவளுடைய வலது பெருவிரலை வைத்து அரிசி வாங்கினோம். அன்றிலிருந்து வீட்டுக்கு அந்த விரல்தான். அவள் கொட்டையைத் தொடக் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டேன். பருப்பின் தோல் உரிக்கக்கூட விட்டதில்லை.

வடலூரில் பேருந்துக்காக நின்றபோதுதான் கேட்டேன்.

“எத்தன நாளா?”

“பரீட்சை முடிஞ்சதுலேந்து.”

“நான் என்ன சொல்லியிருந்தேன் உன்கிட்ட?”

“ரேஷனுக்கு வெரல் வேணும்னு சொன்ன. ரேஷனுக்கு வலது கைதானம்மா வைக்கிறேன். அதுல ஒரு சொட்டு படல, பாரு.” வலது கையை என் முன்னால் விரித்தாள். சுத்தமான கை. “கட்டையப் புடிக்கிற கைக்கு பிளாஸ்டிக் கவர் கட்டிப்பேன். கொட்டையப் புடிக்கிற கைக்குக் கவர் போட்டா வழுக்குது. முழுப்பருப்பு வர மாட்டேங்குது.”

அவள் அதைச் சொன்ன விதம்தான் என்னை உலுக்கியது. தொழில் தெரிந்தவள் பேசுகிற மாதிரிப் பேசினாள். ஒரு தவறைச் செய்துவிட்ட பெண்ணாக அவள் தன்னை நினைக்கவே இல்லை. இரண்டு கையில் ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்று அம்மா சொன்னாள், அந்தக் கையைக் காப்பாற்றிவிட்டேன், மற்றது என்னுடையது. அவள் கணக்கு அதுதான். இந்தியா முழுக்க இருக்கிற பிள்ளைகளிடம் இடது கைப் பெருவிரலைக் கேட்பார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“அப்ப வாராவாரம் மருதாணி இட்டுகிட்டது?”

“கறை தெரியக் கூடாதுன்னு.”

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியும். முழுதாகத் தெரியாது, ஆனால் தெரியும். என் கை ஒரு மதியத்தில் எவ்வளவு உடைக்கும் என்பது பன்னிரண்டு வருடத்தில் எனக்கு அத்துப்படி. குவார்ட்டர்ஸிலிருந்து திரும்பி வரும்போது குவியல் நான் விட்டுப் போன அளவில் இல்லை. வாராவாரம் இடது கையில் மட்டும் மருதாணி. வலது கைப் பழக்கம் உள்ள பெண் தனக்குத்தானே இட்டுக்கொண்டால் இடது கையில்தானே இட முடியும் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். மூட்டை கொண்டுவரும் அக்கா ஒரு நாள் பருப்பை நிறுத்துவிட்டு, “இன்னாமே, மூணாவது கை மொளச்சிகினாப்ல கீது ஒனக்கு?” என்றாள். நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

கேட்டிருந்தால் என் மகள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சொல்லியிருந்தால் நான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, அடுத்த கான்ட்ராக்டைத் தேடி வெளியே அலைந்துகொண்டிருந்தார். அதனால் நான் கேட்கவில்லை. இல்லாத வீட்டில் தாய் பிள்ளையை வேலைக்கு அனுப்பினாள் என்று செய்தியில் படிக்கும்போது, நான் அந்த மாதிரித் தாய் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். நான் அனுப்பவில்லைதான். பார்க்காமல் இருந்தேன்.

மறுநாளே மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தேன். அக்கா காடாம்புலியூரிலிருந்து குட்டி யானை லோடு வண்டியில் வருவாள். அவளும் சின்ன வயதிலிருந்து உடைத்தவள்தான். கை தாளாமல் போன பிறகு மூட்டை போடும் வேலைக்கு மாறினவள்.

“இதோ பாதி மூட்டை அப்படியே இருக்குதுக்கா. எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே எனக்குப் போட வேணாம்.”

“தே, மூட்ட பத்தலன்னு தெருவே சண்ட போட்டுகினு கெடக்குது, நீ வாணாங்கிற. இன்னா, லாட்டரி வியுந்துச்சா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் வண்டியின் பின் பலகையில் சாய்ந்துகொண்டாள்.

“ஓகோ. ஒம் பொண்ணுக்கு ரேக வோணும். இந்தத் தெருவுல மத்த பொண்ணுங்கல்லாம் ரேக இல்லாமயே பொறந்துதுங்களா?”

“அவங்கவங்க பொண்ணுக்கு அவங்கவங்க அம்மா சொல்லட்டும். எம் பொண்ணுக்கு நான் சொல்றேன்.”

சொன்ன பிறகு எனக்கே கூசியது. எதிர் வீட்டு வாசலில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி சாம்பல் கையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அதைக் கவனித்தாளோ இல்லையோ, சண்டையைத் தொடரவில்லை. “எங்க, கைய இட்டா,” என்று என் மகளைக் கூப்பிட்டாள். அவளுடைய இடது கையைப் பிடித்து, பருப்பைத் தரம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேல் தோலுதான் பூட்டிருக்குது. வந்துரும். ஐப்பசி கார்த்தியில மழ வுடாம பேஞ்சா நமக்குக் கொட்ட வராதுல்ல, அப்ப எனக்கே இருவது நாள்ல ரேக வந்து குந்திக்கும். ஆனா கொட்டய நிறுத்தனா மட்டும் பத்தாது. சோப்பு வாணாம், எலுமிச்சங்கா வாணாம், சாம்பலு வாணாம். ஏனம் கயுவக் கூடாது. தேங்காண்ணய தடவிகினு சும்மா குந்திகினு இரு.” என் பக்கம் திரும்பினாள். “சும்மா குந்திகினு கெடக்கறதுதான் நம்ப வூட்டுப் பொண்ணுங்களுக்கு வராது.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸிடமும் காட்டினேன். அவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், களிம்பு ஒன்று கொடுத்தார். ஆனால் எனக்குத் தைரியம் வந்தது அக்கா சொன்னபோதுதான். தோல் எரிந்து திரும்பி வருவதைத் தன் கையில் பலமுறை பார்த்தவள் அவள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் என் மகளின் இடது கையைத் தவிர வேறு பேச்சு இல்லை. பழைய வேட்டித் துணியில் சின்ன உறை தைத்து மாட்டினேன். காலையில் எழுந்ததும் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் விரலைச் சாய்த்துப் பார்ப்பேன். “நேத்து பார்த்ததுலேந்து பத்து மணி நேரம்தாம்மா ஆகுது,” என்பாள். சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவள் சோப்பைத் தொட்டுவிட்டிருப்பாள் என்று தோன்றும். குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் கேட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் செய்வேன். பாத்திரம் கழுவும் வேலை அவரிடம் போயிருந்தது. நான்காவது நாள் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே மகளிடம் கேட்டார்: “ஏம்மா, இந்தக் கான்ட்ராக்ட்ல எத்தன வருஷம் கழுவுனா பர்மனென்ட் பண்ணுவீங்க?”

“உங்க பெர்ஃபார்மன்ஸ் சரியில்லப்பா. கல்லுல அடி ஒட்டிகினு இருக்கு.”

நான் சிரித்தேன். என் மனம் மட்டும் குறைந்துபோன வருமானத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் அந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில்தானே கொட்டை கூடாது என்று, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து உடைக்கிற இடத்துக்கு மதியம் போய் உட்கார்ந்தேன். டவுன்ஷிப்பில் வேலை அதிகம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். மூன்றாவது நாள் அவள் அங்கே வந்து நின்றாள். கையிலிருந்த துணி உறையை உருவி மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அங்கே கிடந்த ஒரு கட்டையை வலது கையில் எடுத்தாள். இடது கையால் ஒரு கொட்டையை எடுத்துக் கல்லில் நிறுத்தினாள்.

“வைடி கீழ,” என்றேன்.

“நீ எந்திரி. நான் வைக்கிறேன்.”

மற்றவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். “நல்லா பாத்துக்கங்க, ஆத்தாளுக்கு எதிரா பொண்ணு ஸ்ட்ரைக் பண்ணுது,” என்றாள் ஒருத்தி. “கொடி ஒண்ணுதான் கொறச்சல்,” என்றாள் இன்னொருத்தி. நான் எழுந்துவிட்டேன். அவள் கையிலிருந்த கொட்டையை நான்தான் பிடுங்கிப் போட்டேன்.

வரும் வழியில் அவள் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

“நீ பாத்துகினுதான் இருந்த. எனக்குத் தெரியும்.”

“எத?”

“வந்ததும் குவியலப் பார்ப்ப. அப்புறம் என்னைப் பார்ப்ப. அப்புறம் தண்ணி குடிக்கப் போயிடுவ.”

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு வேலை இல்லை, கறிகாய் விலை, தலைவலி. “ஆமாம்,” என்றேன். அவள் நடையை நிறுத்தி நான் வரும்வரை நின்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கப் போவதும் இல்லை. அவளுக்குப் பதினேழு வயது. நான் தண்ணீர் குடிக்கப் போனதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

மறுநாள் குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் பேசினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பக்கத்து பிளாக்கில் வயதான இருவருக்கு மதியச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அவர் முன்பே இரண்டு முறை கேட்டிருந்தார். வயதுக்கு வந்த பெண்ணைப் பகல் முழுக்கத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று இரண்டு முறையும் மறுத்திருந்தேன். அவளைக் காக்கத்தான் மதியம் வீட்டில் இருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அவளுக்குக் கெடுதல் செய்த பொருளை மதியம் வீட்டுக்குள் கொண்டுவந்து குவித்துவைத்திருந்தவளும் நான்தான்.

“அந்த மதிய வேலை இன்னும் இருக்குங்களாம்மா?”

“இருக்கு. என்ன, திடீர்னு மனசு மாறிட்டு?”

“மாறிடுச்சுங்கம்மா. ஆனா நான் மூணு நேரமும் சமைக்கிறதா இருந்தா ஞாயித்துக்கிழமை மதியம் எனக்கு லீவு வேணும். அத இப்பவே சொல்லிடறேன்.”

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். அந்த வீட்டில் நான் அதுவரை எதையும் கேட்டதில்லை. “சரிதான், நான் அவுககிட்டப் பேசுதேன்,” என்றார். இரண்டு நாளில் வேலையில் சேர்ந்தேன்.

கடைசி நாளுக்கு முதல் நாள் வடலூருக்குப் போனோம். அதற்கு முன்பே போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் வளரட்டும், இன்னும் ஒரு நாள் வளரட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். நெட் சென்டரில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் பாய் புதுத்தாளை எடுத்து வைத்தார். “அமுக்காத பாப்பா. சும்மா பட்டும் படாம வை.”

முதல் முறை நடுவில் மட்டும் நான்கைந்து கோடுகள் விழுந்தன. இரண்டாவது முறை விரலை எடுக்கும்போது மை இழுபட்டுவிட்டது. மூன்றாவது முறை வைத்துவிட்டு அவள் விரலை எடுத்தபோது நான் பார்க்கவில்லை. பாயின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், ஸ்கேன் செய்தார், திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நுனியில் ஒரு சின்ன வழுக்கை. அதற்குக் கீழே வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாக, அத்தனை கோடுகள். “இது போதும்மா. தாராளமா போதும்,” என்றார். அங்கே அடுக்கியிருந்த ஜெராக்ஸ் தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்க்கச் சொன்னார். என் மகள் திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

“இதை மாத்தணும் பாய். அம்மா தொழில் இல்லத்தரசின்னு இருக்கு.”

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடுறது. அதுக்கு என்ன மார்க்கா கொடுக்கப் போறான்? சர்வர் வேற சுத்திகினு கெடக்குது.”

“மாத்துங்க பாய்.”

பாய் பெருமூச்சு விட்டுப் பட்டியலைத் திறந்தார். அரசுப் பணி, தனியார் பணி, சொந்தத் தொழில், விவசாயம், இல்லத்தரசி, இதர. “இதர போட்டா என்னன்னு எழுதணும். என்ன எழுத?” இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பவள் நான். படித்தவள் என்று என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கொட்டை உடைப்பவள், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் புல் வெட்டுபவள், குவார்ட்டர்ஸில் துணி துவைப்பவள் என எத்தனையோ பேருக்கு இல்லத்தரசி என்றே எழுதியிருக்கிறேன். அவர்களும் வேண்டாம் என்றதில்லை, நானும் கேட்டதில்லை.

“சமையல் வேலைன்னு போடுங்க,” என்றேன்.

“பன்னெண்டு வருஷம் கொட்ட உடைச்சியே, அது?” என்றாள் மகள்.

“ஒண்ணுதாம்மா போட முடியும். பெட்டி சின்னது,” என்றார் பாய்.

“இப்ப செய்யறதைப் போடுங்க,” என்றேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பாய் அடித்தார், அனுப்பினார். திரையில் வட்டம் சுற்றியது. நின்றது. விண்ணப்ப எண் வந்தது. அதை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். தேர்வு அடுத்த மாதம். அங்கே வாசலில் மெஷின் இருக்கும். ஆனால் அவள் உள்ளே போவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவள் விரலில் ஸ்டாம்ப் பேடு மை அப்பியிருந்தது. பாய் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழந்துணியையும் மண்ணெண்ணெய்ப் புட்டியையும் எடுத்து நீட்டினார். “வேணாம் பாய்,” என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.